எடை குறையட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 43. நாள் முழுவதும் உட்கார்ந்தே பார்க்கும் வேலை. உயரம் 174 செ.மீ., எடை 96 கிலோ, இடுப்புச் சுற்றளவு 108 செ.மீ. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு நாளைக்கு இரண்டு வேளை, அதுவும் அரை வயிறு என்று கடுமையாக இருந்து 14 கிலோ குறைத்தேன். அடுத்த வருடமே அத்தனையும் திரும்பி வந்து, மேலே 3 கிலோ கூடிவிட்டது. அலுவலகத்தில் எடுத்த பரிசோதனையில் ரத்த அழுத்தம் 146/92, வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 240, ஈரலைக் காட்டும் எஸ்ஜிபிடி 68 என்று வந்திருக்கிறது. டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று மனைவி சொல்லிக்கொண்டே இருக்கிறார். போனால் "முதலில் எடையைக் குறையுங்கள்" என்றுதான் சொல்வார்கள். அதனால் எடையைக் குறைத்துவிட்டே போகலாம் என்று இருக்கிறேன்.

குறட்டை தாங்காமல் மனைவி வேறு அறையில் படுக்கிறார். காலையில் எழுந்தால் தலை பாரமாக இருக்கிறது. போன மாதம் சிக்னலில் கார் நின்றபோது கண் அசந்துவிட்டேன். பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் விழித்தேன். இன்னொன்று, எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஏழெட்டு மாதமாகத் தாம்பத்திய உறவில் விறைப்புக் குறைவு. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி போட்டால் தொப்பையும் குறையும், இதுவும் சரியாகும் என்கிறார் ஜிம்முக்குப் போகும் நண்பர். வாரம் ஒருமுறை போடும் எடை ஊசி பற்றியும் கேள்விப்படுகிறேன். எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்பதுதான் பிரச்சினையா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் போட்டிருக்கும் வரிசையை மாற்றுங்கள் என்பதுதான் நான் முதலில் சொல்ல வேண்டியது. எடையைக் குறைத்த பிறகு டாக்டர் என்று இருக்கிறீர்கள். டாக்டரிடம் இந்த வாரமே நேரம் வாங்கிவிடுங்கள், எடை அதன் வேகத்தில் குறையட்டும். ரத்த அழுத்தம், தூக்கம், சர்க்கரை, ஈரல் நான்குக்கும் இன்றைய 96 கிலோவிலேயே செய்ய வேண்டிய வைத்தியம் இருக்கிறது. ஆண்கள் பலர் "கொஞ்சம் இளைத்துவிட்டுப் போவோம்" என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுக் கடைசியில் மாரடைப்போடுதான் முதன்முறையாக மருத்துவமனைக்குள் வருகிறார்கள். உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது.

சிக்னலில் கண் அசந்ததை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே எனக்கு அதிகக் கவலை தந்த வரி அதுதான். பலத்த குறட்டை, காலைத் தலைபாரம், பகலில் அடக்க முடியாத தூக்கம், கூடவே ரத்த அழுத்தம்: இவை சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தூக்கத்தில் மூச்சு தடைபடும் ஸ்லீப் ஆப்னியா. பெண்களைவிட ஆண்களுக்கு இது அதிகம். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்வது இயல்பு. கழுத்திலும் நாக்கிலும் கொழுப்பு சேர்ந்திருந்தால் தளர்ந்த தொண்டை அப்படியே ஒட்டிக்கொள்கிறது. பத்து விநாடி, இருபது விநாடி, சிலருக்கு அதற்கும் மேலே காற்று உள்ளே போவதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறி ஒரு கணம் எழுப்பிவிடுகிறது, பெரிய உறுமலோடு மூச்சு திரும்புகிறது. எழுந்தது உங்களுக்கு நினைவிருக்காது. மணிக்கு 30 தடவைக்கு மேல் இப்படி நடந்தால் அது தீவிர நிலை. ஒவ்வொரு தடவையும் உடல் ஆபத்துக்கால ஹார்மோன்களைக் கொட்டுவதால் ரத்த அழுத்தமும் எகிறுகிறது.

வேறு அறைக்குப் போவதற்கு முன்பு, குறட்டைக்கு நடுவில் திடீரென்று நிசப்தமாகி, பிறகு திணறி மூச்சு வாங்கியதுண்டா என்று உங்கள் மனைவியிடம் கேளுங்கள். உங்களால் பார்க்க முடியாத ஒன்றைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். டாக்டரிடம் போகும்போது முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். விரலிலும் மூக்கிலும் சிறு கருவி மாட்டிக்கொண்டு வீட்டிலேயே ஓர் இரவு தூங்கிச் செய்கிற பரிசோதனையே பலருக்குப் போதும். ஆப்னியா உறுதியானால் சிபாப் என்ற கருவி முகமூடி வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். முதல் சில வாரங்கள் தொந்தரவாகத்தான் இருக்கும். பெரும்பாலும் முகமூடியின் அளவு பொருந்தாததுதான் காரணம்; மூலையில் போட்டுவிடாமல் அளவை மாற்றிக் கேளுங்கள். பரிசோதனை முடிந்து சிகிச்சை தொடங்கும் வரை இரவு நேரத்திலும் நெடுந்தூரமும் கார் ஓட்டாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சிபாப் போட்டால் எடை தானாகக் குறைந்துவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் தூக்கம் கெட்ட மனிதனால் சாப்பாட்டைக் கட்டுப்படுத்துவது மிகக் கடினம். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் குறைகிறது. பகலெல்லாம் அசதியாக இருப்பவர் இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் தேடுவதும், மாலையில் நடக்கப் போகாமல் சாய்ந்துகொள்வதும் இயல்பு. அதை மனக்கட்டுப்பாட்டின் கணக்கில் எழுதாதீர்கள்.

அடுத்து உங்கள் எண்களுக்கு வருகிறேன். 96 கிலோ, 174 செ.மீ. என்றால், உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ 31.7. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 30-க்கு மேல் உடல்பருமன். ஆசிய வம்சாவளியினருக்கு இதைவிடக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோயும் இதய நோயும் வருவதால், 23-இலேயே எச்சரிக்கையும் 27.5-இல் தீவிரக் கவனமும் தேவை என்று 2004-இல் அந்த நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னது. ஆனால் பிஎம்ஐ-க்குத் தசை எது, கொழுப்பு எது என்று தெரியாது. கொழுப்பு உடலில் எங்கே தங்கியிருக்கிறது என்பதும் தெரியாது. ஆண்களுக்கு நான் பெரிதும் நம்புவது இஞ்ச் டேப்பைத்தான்.

அளவு எப்படி எடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பேன்ட் சைஸை வைத்துச் சொன்னால் அது பொய்யான எண். தொப்பை வளர வளர ஆண்கள் பெல்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக்கொண்டே போவதால் பத்து வருடமாகப் பேன்ட் சைஸ் மாறாமலே இருக்கும். சட்டையைக் கழற்றிவிட்டு நில்லுங்கள். விலா எலும்பின் கடைசி விளிம்பை ஒரு கையால் தொட்டுப் பாருங்கள், இடுப்பெலும்பின் மேல் விளிம்பை இன்னொரு கையால். இரண்டுக்கும் நடுவில் டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்றுங்கள். வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சை விட்டு முடிக்கும் இடத்தில் படியுங்கள். அந்த எண் உங்கள் உயரத்தில் பாதிக்குள், அதாவது 87 செ.மீ.-க்குள் இருந்தால் நல்லது. தெற்காசிய ஆண்களுக்கு 90, ஐரோப்பிய ஆண்களுக்கு 94 என்பது பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு வைத்திருக்கும் எல்லை. உங்கள் 108 எந்தக் கணக்கில் பார்த்தாலும் அதிகம்தான்.

இடுப்புக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? கொழுப்பு எவ்வளவு என்பதைப் போலவே எங்கே சேர்கிறது என்பதும் முக்கியம் என்று பிரான்ஸின் மார்செய் நகர மருத்துவர் ஜான் வாக் 1947-லேயே எழுதினார். தொடையிலும் பின்பக்கத்திலும் சேர்வதைவிட, ஆண்களுக்கே உரிய விதத்தில் உடலின் மேற்பகுதியில் சேரும் கொழுப்புத்தான் சர்க்கரை நோயோடும் ரத்தக்குழாய் அடைப்போடும் கைகோத்து வருகிறது என்று அவர் கவனித்தார். உங்கள் தொப்பையில் கைக்குப் பிடிபடும் சதை அவ்வளவு கெட்டதல்ல. வயிற்றுத் தசைக்கு உள்ளே, குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்புத்தான் கெடுக்கிறது.

குடல் பகுதியின் ரத்தம் நேராக ஈரலுக்குப் போகிறது. உள்வயிற்றுக் கொழுப்பிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்களும் அழற்சிப் பொருட்களும் அதோடு சேர்ந்து ஈரலுக்குள் கொட்டுகின்றன. ஈரலில் கொழுப்பு படிகிறது. செல்கள் அடிபட்டு அதிலிருக்கும் நொதி ரத்தத்தில் கசிகிறது, அதுதான் எஸ்ஜிபிடி 68. வந்து சேரும் கொழுப்பை ஈரல் பொட்டலம் கட்டி ரத்தத்தில் அனுப்புகிறது, அது டிரைகிளிசரைடு 240. இன்சுலின் "போதும், நிறுத்து" என்று சொன்னாலும் ஈரல் கேட்காமல் இரவெல்லாம் சர்க்கரையை வெளியே விடுகிறது, அது காலையில் 112. சிறுநீரகம் உப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, நரம்புகள் முறுக்கேறி நிற்கின்றன, அது 146/92. நான்கு நோய் வந்துவிட்டதே என்று மலைக்காதீர்கள். பெரும்பாலும் இது ஒரே இடத்திலிருந்து கிளம்பும் ஒரே கதை. ஆறுதலான விஷயமும் இதில் இருக்கிறது: எடை குறையத் தொடங்கினால் உள்வயிற்றுக் கொழுப்பும் ஈரல் கொழுப்பும்தான் முதலில் கரையும். கண்ணாடியில் வித்தியாசம் தெரிவதற்கு முன்பே ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இதே வழியில் வேறு சிலவும் வரும். 2016-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதிக எடையோடு தொடர்புடைய 13 வகைப் புற்றுநோய்களைப் பட்டியலிட்டது. பெருங்குடல், சிறுநீரகம், ஈரல், கணையம் ஆகியவை அதில் உண்டு. கவுட் என்ற மூட்டு நோய், முழங்கால் தேய்மானம், இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவது ஆகியவையும் கூடவே வரக்கூடியவை. பயமுறுத்துவதற்கு இவற்றை நீட்டிக்கொண்டு போக விரும்பவில்லை. நீங்கள் ஏற்கெனவே போதுமான அளவு பயந்துதான் எழுதியிருக்கிறீர்கள்.

கூச்சப்பட்டு எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். எழுதியது மிக நல்ல காரியம். ஆணுறுப்புக்குப் போகும் தமனிகள் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் அகலமே உள்ளவை. இதயத் தமனிகள் மூன்று, நான்கு மில்லிமீட்டர். ரத்தக்குழாயின் உட்சுவர் கெடத் தொடங்கினால் சிறிய குழாயில்தான் முதலில் தெரியும். அதனால்தான் நாற்பதுகளில் வரும் விறைப்புக் குறைவை நாங்கள் இதயத்தின் முன்னெச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறோம். சிலருக்கு நெஞ்சுவலிக்குச் சில ஆண்டுகள் முன்பே இது வந்துவிடும். டாக்டரிடம் மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிட்டு இதை மட்டும் விழுங்கிவிடாதீர்கள். இத்தாலியில் உடல்பருமனும் விறைப்புக் குறைவும் இருந்த ஆண்களை இரண்டு ஆண்டு கவனித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் உடற்பயிற்சியையும் முறையாகக் கடைப்பிடித்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வேறு சிகிச்சை இல்லாமலே சரியானது. மாத்திரையும் உண்டு, அதைக் கேட்டு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இதயத்தைப் பரிசோதிக்காமல், யாரோ கொடுத்ததை வாங்கிப் போடாதீர்கள். நெஞ்சுவலிக்குத் தரும் நைட்ரேட் மருந்தோடு அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஒரேயடியாக விழுந்து உயிருக்கே ஆபத்தாகும்.

டெஸ்டோஸ்டிரோன் ஊசியை உங்களுக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன். கொழுப்புத் திசுவில் இருக்கும் அரோமட்டேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. இன்சுலின் கூடினால் டெஸ்டோஸ்டிரோனை ரத்தத்தில் சுமந்து செல்லும் புரதம் குறைகிறது. ஆகவே தொப்பை உள்ள ஆண்களுக்கு இந்த ஹார்மோன் குறைந்திருப்பது சகஜம், எடை இறங்கினால் அதுவும் ஏறும். வெளியிலிருந்து ஊசியாகப் போட்டால், நம் வேலை முடிந்தது என்று மூளை விரைகளுக்குக் கட்டளை அனுப்புவதையே நிறுத்திவிடுகிறது. விந்தணு உற்பத்தி படுத்துவிடும். நிறுத்திய பிறகு திரும்பி வர மாதக்கணக்கில், சிலருக்கு வருடத்துக்கு மேலும் ஆகும். ரத்தம் கெட்டிப்படும். சிகிச்சை எடுக்காத ஸ்லீப் ஆப்னியாவை அது மோசமாக்கக்கூடும். உங்கள் விஷயத்தில் அந்த ஒரு காரணமே போதும். உண்மையிலேயே குறைவா என்று தெரிந்துகொள்ள, காலையில் வெறும் வயிற்றில், வேறு வேறு இரண்டு நாட்களில் ரத்தம் கொடுங்கள். இரண்டிலும் குறைவாக வந்தால் காரணம் தேடுவது டாக்டரின் வேலை. ஜிம் நண்பர் நல்லவராக இருக்கலாம், ஆனால் இது அவருக்குத் தெரிந்த விஷயமல்ல.

மனக்கட்டுப்பாடு இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு வரும் ஆண்கள் மிக அதிகம். 1944-இன் இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். போரால் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படி உணவளித்துத் தேற்றுவது என்று கண்டுபிடிப்பதற்காக. மனசாட்சியின் பெயரால் போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். உடலும் மனமும் உறுதியானவர்கள் என்று சலித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஆறு மாதம் அவர்களுக்குக் கிடைத்தது நாளுக்கு ஏறக்குறைய 1,570 கலோரி. இன்று பலர் சாதாரண டயட் என்று நினைத்து இருப்பது இதைவிடக் குறைவான அளவில்! எடையில் கால்வாசி போனது. அதோடு நிற்கவில்லை. எந்நேரமும் உணவைப் பற்றியே பேசினார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள். சோர்வும் எரிச்சலும் வந்தது, காம உணர்ச்சி அற்றுப்போனது. கட்டுப்பாடு நீங்கியதும் வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும் பசி அடங்கவில்லை என்றார்கள். எடை திரும்பியபோது உடற்கொழுப்பு முன்பிருந்த அளவையும் தாண்டியது. இதே கீஸ்தான் பின்னாளில், 1972-இல், பிஎம்ஐ-க்கு அந்தப் பெயரை வைத்தவர்.

அந்த இளைஞர்களுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? எடை குறையும்போது உடல் அதைப் பஞ்சம் என்றே புரிந்துகொள்கிறது. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி கூடுதலாகச் சாப்பிடச் சொல்லிப் பசி நச்சரிக்கிறது; செலவாகும் சக்தியோ 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு, எடை குறைத்து ஓராண்டு ஆன பிறகும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று காட்டியது. அரை வயிற்றோடு 14 கிலோ இறக்கினீர்கள். இறக்கிய பிறகு அதை எப்படிக் காப்பது என்று உங்களுக்கு யாரும் ஒரு திட்டமும் தரவில்லை. அது திரும்பி வந்ததில் குற்றவாளி நீங்கள் இல்லை. இப்போதும் அதே வழியில் போனால் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்வீர்கள்.

அதனால் இலக்கைச் சின்னதாக வையுங்கள். அமெரிக்காவில் சர்க்கரை நோயின் வாசலில் நின்ற மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த பெரிய தடுப்பு ஆய்வின் முடிவு 2002-இல் வந்தது. அவர்களுக்கு வைத்த இலக்கு இரண்டுதான்: எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது போன்ற உடலுழைப்பு. மூன்று ஆண்டுக்குள் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களுக்குக் குறைந்தது 31 சதவீதம். உங்கள் கணக்கில் 7 சதவீதம் என்பது 7 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. 96-இலிருந்து 89. ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். அவசரமாக இறக்கினால் தசையும் கரையும், பித்தப்பையில் கல் வரும் வாய்ப்பும் கூடும். ஈரல் அழற்சி அடங்க 7 முதல் 10 சதவீதம் தேவைப்படும், ஆப்னியாவுக்கு இன்னும் கொஞ்சம். 89-இல் சில மாதம் நின்று நிலைத்த பிறகு அடுத்ததைப் பார்க்கலாம்.

உணவில் பசியோடு மல்லுக்கு நிற்காதீர்கள், தோற்றுப்போவீர்கள். வயிறு நிறைந்தும் கலோரி குறைந்தும் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். 2019-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகவும் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். இரண்டிலும் சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து ஒரே அளவில்தான் பரிமாறப்பட்டது. வேண்டிய அளவு சாப்பிடலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். பாக்கெட் உணவு வாரங்களில் அவர்கள் தங்களை அறியாமலே நாளுக்கு 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ஆகவே பாக்கெட்டையும் பாட்டிலையும் குறைப்பதில் தொடங்குங்கள். இனிப்பு பானங்களை முழுதாக நிறுத்துங்கள். குடித்த கலோரியை வயிறு கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஒவ்வொரு வேளையும் புரதம் இருக்கட்டும்: முட்டை, மீன், பயறு, தயிர், எது ஒத்துக்கொள்கிறதோ அது. தட்டில் பாதி காய்கறி. முன்பு போல வேளையை விட்டுப் பட்டினி கிடக்க வேண்டாம்.

மதுவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி, ஏறக்குறைய கொழுப்புக்கு நிகர். உடலுக்கு அதைச் சேமித்து வைக்க வழியில்லாததால் முதலில் அதை எரிக்கிறது, அதுவரை கொழுப்பு எரிவது தள்ளிப்போகிறது. டிரைகிளிசரைடும் ரத்த அழுத்தமும் ஏறும். இரவில் குடித்தால் தொண்டைத் தசை இன்னும் தளர்ந்து மூச்சுத் தடை கூடும். வார இறுதியில் மட்டும் என்றாலும், உங்கள் ஈரலும் தூக்கமும் இருக்கும் நிலையில் இப்போதைக்கு நிறுத்திவிடுவது நல்லது.

உடற்பயிற்சியால் மட்டும் எடை பெரிதாக இறங்காது. அதை எதிர்பார்த்து ஏமாந்து பாதியில் விடுபவர்கள் அதிகம். எடை இயந்திரம் அசையாவிட்டாலும் நடப்பதால் உள்வயிற்றுக் கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றும் இறங்கும். குறைந்த எடை திரும்பாமல் காப்பதும் அதுவே. பத்து நிமிடத்தில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போங்கள். வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். சாப்பிட்ட சர்க்கரையைப் பெருமளவு உள்ளிழுப்பது தசைதான். டயட்டில் முதலில் இழக்கக் கூடாததும் அதுவே. வயிற்றுப் பயிற்சி நூறு எடுத்தாலும் தொப்பைக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது, உள்ளே இருக்கும் தசைதான் பலப்படும். முழங்கால் வலி இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது.

தனியாகச் செய்யாதீர்கள். எடைக் குறைப்பு வகுப்புகளுக்கு ஆண்கள் வருவதே குறைவு. ஸ்காட்லாந்தில் தொழில்முறைக் கால்பந்து கிளப்புகளின் மைதானத்திலேயே, அந்த அணிகளின் ரசிகர்களான 35 முதல் 65 வயது ஆண்களுக்கு 12 வாரம் வகுப்பு வைத்தார்கள். 747 பேர் சேர்ந்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, வகுப்புக்காகக் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களைவிட இவர்களுக்குச் சராசரியாக ஏறக்குறைய 5 கிலோ கூடுதலாகக் குறைந்திருந்தது. தன்னைப் போன்ற ஆண்களோடு, தனக்குப் பிடித்த இடத்தில் என்றதும் வந்தார்கள், பேசினார்கள், நிலைத்தார்கள். உங்களுக்கும் அப்படி இரண்டு மூன்று பேர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

வார ஊசிகள் உண்மையிலேயே வேலை செய்கின்றன. செமாகுளுடைட் என்ற ஊசி போட்டவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது என்று 2021-இலும், டிர்செபடைட் என்ற இன்னொரு ஊசியின் உச்ச அளவில் 72 வாரத்தில் சராசரியாக ஏறக்குறைய 21 சதவீதம் குறைந்தது என்று 2022-இலும் ஆய்வுகள் வந்தன. சர்க்கரை நோய் இல்லாமல், ஏற்கெனவே இதய நோயும் அதிக எடையும் இருந்தவர்களுக்குச் செமாகுளுடைட் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றைச் சேர்த்து 20 சதவீதம் குறைத்தது என்று 2023-இல் தெரிந்தது. உடல்பருமனோடு வரும் மிதமான, தீவிரமான ஆப்னியாவுக்கு டிர்செபடைடை 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்திருக்கிறது. பிஎம்ஐ 30-க்கு மேல் இருப்பதால் நீங்கள் இதை டாக்டரிடம் கேட்கத் தகுதியுள்ளவர்தான், இது குறுக்குவழி என்று வெட்கப்படத் தேவையில்லை. நிறுத்தினால் ஓராண்டுக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது என்பதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். ரத்த அழுத்த மாத்திரையைப் போல நீண்ட காலத் துணையாகவே இதை நினைக்க வேண்டும். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் வரும். பித்தக்கல், அபூர்வமாகக் கணைய அழற்சியும் வரலாம். குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் இது கூடாது. இவ்வளவும் இருப்பதால்தான் டாக்டர் இல்லாமல் வாங்கிப் போடக் கூடாது என்கிறேன். அறுவை சிகிச்சைப் பேச்சு உங்களுக்கு இப்போது தேவையில்லை. "மூலிகை" என்று விற்கும் மெலிவு மாத்திரைகளின் பக்கமே போகாதீர்கள். மாரடைப்பும் பக்கவாதமும் கூடியதால் 2010-இல் திரும்பப் பெறப்பட்ட சிபுட்ரமின் என்ற எடைக் குறைப்பு மருந்து, அப்படிப்பட்ட மாத்திரைகளுக்குள் ஒளிந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

டாக்டரிடம் போகும் முன் ஒரு வாரம், காலையும் மாலையும், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு வீட்டில் ரத்த அழுத்தம் பார்த்து எழுதி வையுங்கள். கையில் சுற்றும் பட்டை உங்கள் கைப் பருமனுக்கு ஏற்ற பெரிய அளவாக இருக்கட்டும்; சின்னப் பட்டை அழுத்தத்தை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். சராசரி 135/85-ஐ எட்டினால் மாத்திரை தேவையா என்று கேளுங்கள், எடை குறைந்த பிறகு அதைக் குறைக்கவும் முடியும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான ஹெச்பிஏ1சி, கொலஸ்ட்ரால், சிறுநீரகம், தைராய்டு பரிசோதனைகளைக் கேளுங்கள். எஸ்ஜிஓடி என்ற இன்னொரு ஈரல் நொதி, பிளேட்லெட் என்ற ரத்தத் தட்டணு எண்ணிக்கை இரண்டும் இருந்தால் எஸ்ஜிபிடி, வயதோடு சேர்த்து ஈரல் தழும்பின் அபாயத்தைக் கணக்கிட்டுவிடலாம். தூக்கப் பரிசோதனையை மறக்க வேண்டாம். வழக்கமாகச் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துப் போங்கள். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், வலிப்பு மருந்துகள் எடையைக் கூட்டக்கூடியவை. நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் பயம் போலவே அந்த டாக்டர் "எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், "எடை தெரியும் டாக்டர், ரத்த அழுத்தம், தூக்கம், சர்க்கரை, ஈரல் நான்குக்கும் இப்போது என்ன செய்யலாம்?" என்று நேராகக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் வேறொருவரைப் பாருங்கள். அதற்கிடையில் படியேறும்போதோ நடக்கும்போதோ நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் மட்டும் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். நீங்கள் வண்டி ஓட்டாமல், இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.